மனப்பாரத்துக்கு எங்கே போவது? – அறிகை நடத்தைச் சிகிச்சையை எமது பகுதியில் தேடிக்கொள்ளும் வழி

மிளகாய்ச் செடிக்கு இலைச்சுருட்டல் வந்தால் விவசாயப் போதனாசிரியரைத் தேடிப் போகிறோம். பசு தீன் எடுக்காவிட்டால் கால்நடை வைத்தியரைக் கூப்பிடுகிறோம். ஆனால் வீட்டில் ஒருவர் மாதக்கணக்காக நித்திரையின்றி, சாப்பாட்டில் விருப்பமின்றி, முற்றத்தைப் பார்த்தபடி குந்தியிருந்தால் யாரிடம் போவது என்று எமக்குத் தெரிவதில்லை. "யோசினை கூடிப்போச்சு", "ஏக்கம் பிடிச்சிட்டுது" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் "விசர் எண்டு சனம் கதைக்கும்" என்ற பயமும் இருக்கிறது.

இடம்பெயர்வு கண்ட குடும்பங்களில் இந்தப் பாரம் அதிகம். யுத்தம் முடிந்த உடனே, 2009 யூலை முதல் செப்ரெம்பர் வரை, யாழ் மாவட்டத்தில் வீடு வீடாக ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அதன் முடிவு 2011 இல் வெளியானது. விசாரிக்கப்பட்ட வளர்ந்தோரில் 100 பேருக்கு ஏறத்தாழ 22 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 33 பேரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும், 7 பேரிடம் நெருக்கீட்டுக்குப் பின் வரும் மனவடுவின் அறிகுறிகளும் காணப்பட்டன. அப்போதும் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களிடம் இவை இன்னும் கூடுதலாக இருந்தன. ஆகவே இது ஒருவர் இருவரின் பலவீனம் அல்ல. ஊர் முழுக்கப் பட்ட அடியின் தழும்பு.

இப்படியானவர்களுக்கு மருந்தோடு சேர்த்தும், சில வேளை மருந்தில்லாமலும் நல்ல பலன் தருவதாகக் கண்டறியப்பட்ட ஒரு முறை உண்டு. அதற்கு அறிகை நடத்தைச் சிகிச்சை என்று பெயர். அது என்ன, அதை எமது பகுதியில் எப்படித் தேடிக்கொள்வது என்பதை இங்கு பார்ப்போம்.

இது என்ன சிகிச்சை?

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஆரன் பெக் என்ற உளமருத்துவர் 1960 களில் மனச்சோர்வு உடையவர்களுக்குச் சிகிச்சை அளித்து வந்தார். அவர்களுடைய மனதில் சில எண்ணங்கள் அழைக்காமலே வந்து போவதை அவர் கவனித்தார். "நான் எதற்கும் உதவாதவன்", "சனமெல்லாம் எனக்கு எதிர்", "இனி ஒன்றும் சரிவராது" என்பன போன்ற எண்ணங்கள் அவை. வந்த எண்ணத்தை அவர்கள் சோதித்துப் பார்ப்பதில்லை, அப்படியே உண்மை என்று நம்பிவிடுகிறார்கள். அதன்படி நடக்கவும் தொடங்குகிறார்கள். இந்த அவதானிப்பிலிருந்தே இச்சிகிச்சை வளர்ந்தது. "அறிகை" என்பது நாம் நினைக்கும், விளங்கிக்கொள்ளும் விதம். "நடத்தை" என்பது நாம் செய்வதும் செய்யாமல் விடுவதும்.

எண்ணம், உணர்ச்சி, உடல், செயல் ஆகிய நான்கும் ஒன்றையொன்று இழுக்கும். "ஏலாது" என்ற எண்ணம் வந்தால் மனம் சோரும். மனம் சோர்ந்தால் உடம்பு பாரமாகும். உடம்பு பாரமானால் வேலைக்குப் போகமாட்டோம். வேலைக்குப் போகாவிட்டால் "ஏலாது" என்ற எண்ணம் இன்னும் உறுதிப்படும். சூத்திரத்து மாடு போல ஒரே வட்டத்தில் மனம் சுற்றும். இந்த வட்டத்தை எண்ணத்தின் பக்கமிருந்தோ செயலின் பக்கமிருந்தோ உடைப்பதே சிகிச்சை.

ஓர் உதாரணம்

விளக்கத்துக்காக ஒருவரைக் கற்பனை செய்வோம். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்த ஒரு தோட்டக்காரர், நீண்ட காலம் நலன்புரி நிலையத்தில் இருந்தார். காணி விடுவிக்கப்பட்ட பின் ஊருக்குத் திரும்பினார். கிணறு தூர்ந்து கிடக்கிறது, எல்லை தெரியாமல் பற்றை மண்டியிருக்கிறது. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. "தோட்டம் செய்த கை போயிட்டுது. இனி நான் பிள்ளைகளுக்குப் பாரம்" என்று அவர் நினைக்கிறார். பகலிலும் பாயில் படுத்திருக்கிறார். கமநல சேவை நிலையத்தில் நடக்கும் கூட்டத்துக்குப் போவதில்லை. அவர் போகாததால் மற்றவர்களும் கூப்பிடுவதை விட்டுவிடுகிறார்கள். "பாத்தியளே, ஆரும் என்னைத் தேடேல்லை" என்று அவருடைய எண்ணம் பலம் பெறுகிறது.

சிகிச்சையாளர் அவருக்கு "யோசியாதேங்கோ" என்று புத்தி சொல்லமாட்டார். ஒரு கொப்பியில் நான்கு நிரல் போடச் சொல்வார். என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, மனமும் உடம்பும் எப்படி இருந்தன, என்ன செய்தீர்கள் என்பவையே அந்த நான்கு நிரல்கள். எழுதத் தெரியாதவர் கலண்டரில் கோடு போட்டாலும் போதும். பிறகு, "நான் பாரம்" என்பதற்கு என்ன ஆதாரம், அதற்கு மாறான ஆதாரம் என்ன என்று இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். போன கிழமை மகனுக்கு வெங்காயம் நடும் முறையைச் சொல்லிக்கொடுத்தது யார் என்ற கேள்வி அங்கே வரலாம்.

அடுத்தது ஒரு சிறு பரீட்சை. வீட்டோரத்தில் இரண்டு பாத்தி கீரைக்கு நாளுக்கு 20 நிமிடம் வேலை செய்வது. தொடங்க முன்னும் முடித்த பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி என்று குறிப்பது. "ஒரு நாளும் ஏலாது" என்று நினைத்தவர் ஏழு நாளில் நான்கு நாள் செய்திருந்தால், அது அவருடைய எண்ணத்துக்கு எதிரான சாட்சி. செய்ய முடியாத மூன்று நாளுக்காகச் சிகிச்சையாளர் ஏசமாட்டார். இடுப்பு நோவா, வெயிலா, யோசனையா என்று கேட்டு, நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைப்பார்.

இங்கு ஒரு விடயம் முக்கியம். எல்லாத் துன்பமும் பிழையான எண்ணத்தால் வருவதல்ல. கிணறு தூர்ந்தது உண்மை. காணி உறுதி தொலைந்தது உண்மை. காணாமற்போன பிள்ளையின் நினைவு உண்மை. நல்ல சிகிச்சையாளர் இவற்றை "உங்கட நினைப்புத்தான்" என்று தள்ளமாட்டார். தீர்க்கக்கூடிய பிரச்சினையைப் படிப்படியாகப் பிரிப்பார். யாருக்குக் கடிதம் எழுதுவது, எந்தக் கந்தோருக்குப் போவது, யார் கூட வருவது என்று திட்டமிட உதவுவார். தீர்க்க முடியாத இழப்பைத் தாங்கிக்கொண்டு வாழத் துணை நிற்பார்.

எதற்கு உதவும்? எதற்கு முதலில் வைத்தியர்?

மனச்சோர்வு, பதகளிப்பு, திடீரென நெஞ்சு படபடத்து உயிர் போவது போன்ற பயம், மனவடு, நித்திரையின்மை ஆகியவற்றுக்கு இச்சிகிச்சை உதவுகிறது. தலையிடி, நெஞ்சுநோ, உடம்பு எரிவு என்று பல இடங்களில் சோதித்தும் காரணம் அகப்படாதவர்களுக்கும் பயன்படுவதுண்டு.

ஆனால் இல்லாத குரல் கேட்பது, பல நாள் நித்திரையின்றி அளவுமீறிய உற்சாகத்தோடு திரிவது, வலிப்பு, உணவை அடியோடு மறுப்பது, சாக வேண்டும் என்று பேசுவது ஆகியவற்றுக்கு முதலில் வைத்தியரே தேவை. சோர்வுக்கு இரத்தச்சோகையோ தைரோயிட் குறைபாடோ காரணமாக இருக்கலாம். அதையும் வைத்தியரே சோதித்துச் சொல்ல முடியும். மனநல மருந்து ஏற்கெனவே பாவிப்பவர், பேச்சுச் சிகிச்சை தொடங்கியது என்பதற்காக அதைத் தாமாக நிறுத்தக்கூடாது.

பெயர்ப்பலகையைத் தேட வேண்டாம், செய்முறையைத் தேடுங்கள்

"அறிகை நடத்தைச் சிகிச்சையாளர்" என்று பலகை போட்டவர் கொழும்பில் அகப்படலாம். எமது கிராமப்புறங்களில் அப்படி ஒருவரைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். அதனால் சிகிச்சையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. இம்முறையின் முக்கிய பகுதிகளை, நன்கு பயிற்றப்பட்டு ஒரு நிபுணரின் மேற்பார்வையில் வேலை செய்யும் சாதாரண ஊழியரும் செய்ய முடியும். இதற்கு எம்மைப் போன்ற ஏழை நாடுகளிலேயே சான்று உண்டு.

பாகிஸ்தானின் றாவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில், மனச்சோர்வுற்ற கர்ப்பிணித் தாய்மாரிடம் இது பரீட்சிக்கப்பட்டது. பயிற்சி பெற்றவர்கள் எமது குடும்பநல மாதுக்களைப் போல வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பெண் ஊழியர்கள். பிள்ளை பிறந்து ஆறு மாதத்தில், இவ்வுதவி பெற்ற தாய்மாரில் 100 க்கு 23 பேரிடமே மனச்சோர்வு எஞ்சியிருந்தது. வெறுமனே சந்திக்கப்பட்ட தாய்மாரில் அது 53 பேராக இருந்தது. இம்முடிவு 2008 இல் வெளியானது.

ஆபிரிக்காவின் சிம்பாப்வே நாட்டில், ஹராரே நகரச் சுகாதார நிலையங்களின் வளவில் ஒரு வாங்கு போட்டு, பயிற்சி பெற்ற வயதான பெண்கள் நோயாளரோடு பேசுகிறார்கள். இது அறிகை நடத்தைச் சிகிச்சைக்கு நெருங்கிய, பிரச்சினை தீர்க்கும் முறை. அந்நாட்டு மக்கள் தம் நோயைக் "குஃபுங்கிசிசா" என்கிறார்கள். அதன் பொருள் "அதிகமாக யோசித்தல்". நாம் "ஒரே யோசினை" என்று சொல்வதும் அதுவே. 2016 இல் வெளியான ஆய்வின்படி, ஆறு மாதத்தின் பின் இவ்வுதவி பெற்றோரில் 100 க்கு 14 பேரிடமும் வழமையான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 50 பேரிடமும் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன.

எமது வடபகுதியிலும் இவ்வழி புதிதல்ல. உளமருத்துவர் மிகச் சிலரே இருந்த யுத்த காலத்தில், பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆசிரியர்களுக்கும் கிராமமட்ட ஊழியர்களுக்கும் உளசமூகப் பயிற்சி அளித்தார்கள். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்ற நிறுவனம் உளவளத்துணை வழங்கி வந்திருக்கிறது.

எங்கே போவது?

1. அரசாங்க வைத்தியசாலை. இதுவே முதல் வாசல், கட்டணமும் இல்லை. 2005 இல் ஏற்கப்பட்ட தேசிய மனநலக் கொள்கையின் பின், மனநல சேவையை அங்கொடையோடு நிறுத்தாமல் மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் வேலை நடந்தது. யாழ் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலை, மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை ஆகியவற்றில் மனநலப் பிரிவுகள் உள்ளன. மற்ற மாவட்ட, ஆதார வைத்தியசாலைகள் பலவற்றிலும் மனநலக் கிளினிக் நடைபெறுகிறது. கிளினிக் நாள் இடத்துக்கு இடம் வேறுபடும். ஆகவே வெளிநோயாளர் பிரிவில் "மனநலக் கிளினிக் எந்த நாள், பேச்சு மூலம் உதவி செய்பவர் யாராவது இருக்கிறார்களா?" என்று கேளுங்கள். அங்கே உளமருத்துவ நிபுணரோ மனநல வைத்திய அதிகாரியோ பார்ப்பார். உளசமூகப் பணியாளர்களும் சில இடங்களில் உளவியலாளரும் அவர்களோடு வேலை செய்வதுண்டு.

2. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் குடும்பநல மாதுவும். தூர வைத்தியசாலைக்குப் போக முன் வழி கேட்க இது நல்ல இடம். கர்ப்பிணியும் பிள்ளை பெற்ற தாயும் முதலில் இவரிடம் சொல்லலாம்.

3. பிரதேச செயலகம். பல செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் கடமையில் உள்ளார். காணி, நிவாரணம் என்று அங்கு போகும் நாளிலேயே அவரையும் சந்திக்கலாம். பிள்ளைகளைப் பற்றிய கவலைக்குச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும், வீட்டில் அடி உதைபடும் பெண்களுக்குப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் நாடலாம்.

4. தொலைபேசி. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். "எனக்குக் கிட்டடியில் எங்கே போகலாம்?" என்று கேட்பதற்கும் இது பயன்படும். பெண்களுக்கு 1938 உம் சிறுவர்களுக்கு 1929 உம் உண்டு.

பாதிரியாரிடமோ கோயில் ஐயரிடமோ முதலில் மனம் விட்டுப் பேசுவோர் பலர். அது ஆறுதல் தரும். அவர்களையே கிளினிக்குக்குக் கூட்டிப்போகும்படியும் கேட்கலாம்.

என்ன சொல்வது?

கிளினிக்கில் சனம் அதிகம், வைத்தியருக்கு நேரம் குறைவு. "சுகமில்லை" என்று மட்டும் சொன்னால் வலிக்கு இரண்டு குளிசையோடு திரும்பி வர நேரிடும். முதல் நாளே சுருக்கமாக எழுதிக்கொண்டு போங்கள். "டொக்டர், மூண்டு மாதமா இரவு ரெண்டு மணிக்குப் பிறகு நித்திரை இல்லை. தோட்டத்துக்குப் போறதை விட்டிட்டன். பழைய சம்பவம் கனவிலை வருது. மருந்தோட கதைச்சுச் செய்யிற வைத்தியமும் கிடைக்குமோ?" என்று கேட்டால் போதும். அடையாள அட்டை, பழைய கிளினிக் கொப்பி, பாவிக்கும் மருந்துகள் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள்.

சிகிச்சையாளரிடம் கேட்க வேண்டியவை

எவராக இருந்தாலும் பின்வருவனவற்றைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

– எங்கே, எவ்வளவு காலம் பயிற்சி பெற்றீர்கள்? உங்களை மேற்பார்வை செய்பவர் யார்?
– எத்தனை தடவை வரவேண்டும்? பொதுவாகக் கிழமைக்கு ஒரு தடவையாக எட்டு முதல் இருபது தடவை வரை தேவைப்படலாம். ஐந்து ஆறு தடவையில் முடியும் சுருக்க முறைகளும் உண்டு.
– வீட்டில் செய்ய வேலை தருவீர்களா? இச்சிகிச்சையில் கிழமை நடுவே செய்யும் பயிற்சியே பாதிப் பங்கு. வெறுமனே கேட்டுக்கொண்டு அறிவுரை சொல்வது வேறு.
– நான் முன்னேறுகிறேனா என்பதை எப்படிப் பார்ப்போம்?
– நான் சொல்வது வெளியே போகாதா? எந்தச் சந்தர்ப்பத்தில் பிறருக்குச் சொல்ல நேரிடும்?
– தனி இடம் உண்டா? பெண் ஒருவர் கேட்டால் பெண் உத்தியோகத்தர் கிடைப்பாரா?

ஒரே நாளில் சுகப்படுத்துவேன் என்பவர், முற்பணமாகப் பெருந்தொகை கேட்பவர், மருந்தை நிறுத்தச் சொல்பவர், உடம்பைத் தொட முயல்பவர் ஆகியோரை விட்டு விலகுங்கள். முதல் நாளே யுத்தத்தில் நடந்ததெல்லாவற்றையும் சொல்லித் தீர்க்கும்படி நெருக்குபவரும் நல்லவர் அல்லர். எதை, எப்போது சொல்வது என்பதைத் தீர்மானிப்பவர் நீங்களே.

போக்குவரத்தும் விதைப்புக் காலமும்

பஸ் செலவும் கூலி இழப்பும் பலரை இரண்டாம் தடவையோடு நிறுத்திவிடுகின்றன. கால போகத்தில் விதைப்பு, அரிவு வெட்டு நாட்களைச் சிகிச்சையாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வரவோ இடையில் தொலைபேசியில் பேசவோ முடியுமா என்று கேளுங்கள். ஒரே ஊரிலிருந்து இருவர் மூவர் சேர்ந்து போனால் துணையும் கிடைக்கும், கூச்சமும் குறையும். நான்கு தடவை போயும் மாற்றமே இல்லையென்றால் பேசாமல் நின்றுவிட வேண்டாம். அதையே அவரிடம் சொல்லுங்கள். முறையை மாற்றலாம், வேறொருவரிடம் அனுப்பலாம்.

காத்திருக்கும் நாட்களில் வீட்டிலும் சிறிது தொடங்கலாம். எழும்பும் நேரத்தை ஒன்றாக வையுங்கள். முன்பு மனதுக்குப் பிடித்த, அல்லது செய்து முடித்தால் திருப்தி தந்த ஒரு சிறு வேலையைத் தெரிந்து, மனம் வரும் வரை காத்திராமல் குறித்த நேரத்தில் செய்யுங்கள். சாராயத்தால் நித்திரை தேட வேண்டாம். அது நித்திரையையும் கெடுக்கும், சோர்வையும் கூட்டும். வீட்டார் "எழும்பி வேலையைப் பார்" என்று ஏசுவதை விட்டு, "வாங்கோ, வரம்பு வரை நடந்திட்டு வருவம்" என்று கூட நடப்பது நல்லது.

அவசரம் என்றால்

ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால் அதைச் சும்மா பேச்சு என்று விடாதீர்கள். "சாக வேணும் போல இருக்கோ?" என்று நேரே, அன்பாகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. அவரைத் தனியே விடாதீர்கள். தோட்டத்துக்கு வாங்கிய கிருமிநாசினியை அன்றே வீட்டை விட்டு அகற்றி, பூட்டுள்ள வேறிடத்தில் அல்லது அயலவரிடம் வையுங்கள். 1995 இல் இலங்கையில் 100,000 பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கடும் நஞ்சுள்ள கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்ட பின், 2005 அளவில் அது பாதியாகக் குறைந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால், அந்தக் கொடிய நேரம் கடந்து போக இடமுண்டு, பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். ஏதும் குடித்துவிட்டால் அல்லது உடம்புக்கு ஆபத்து என்றால் 1990 என்ற சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். அது இலவசம்.

இடம்பெயர்ந்த மக்கள் நிவாரண அட்டைக்கும் காணி உறுதிக்கும் வீட்டுத்திட்டத்துக்கும் எத்தனை கந்தோர் ஏறி இறங்கியிருக்கிறார்கள்! அந்த விடாமுயற்சியில் ஒரு பங்கை மனநலத்துக்காகவும் செலவிடுவோம். இக்கிழமையே அருகிலுள்ள வைத்தியசாலையில் மனநலக் கிளினிக் எந்த நாள் என்று விசாரித்து, அதை வீட்டுக் கலண்டரில் குறித்து வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், அயல்வீட்டில் ஒருவருக்குத் தேவைப்படலாம்.